லெக் ஸ்பின்னருக்கு யார் ஓவர் கொடுப்பது?

சாயங்காலம் எங்கள் உரக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் யூரியா வாங்க வருவதில்லை, கிரிக்கெட் பேச வருகிறார்கள். போன வாரம் பேச்சு எங்கெங்கோ சுற்றி, எண்பதுகளில் இந்தியாவுக்கு ஆடிய லெக் ஸ்பின்னர் லட்சுமண் சிவராமகிருஷ்ணனிடம் வந்து நின்றது. "என்ன திறமை! வீணாக்கிட்டான்" என்றார் ஒருவர். இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீடாமங்கலத்தில் மீசை முளைத்த நாளிலிருந்து, மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தைத் திருப்பும் லெக் ஸ்பின் போடுகிறவன் நான். கடையில் நாலு பேர் முன்னால் சண்டை வேண்டாமே என்று விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

1981-82 ரஞ்சி கால் இறுதியில் டெல்லிக்கு எதிராக 28 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தபோது சிவாவுக்கு வயது 16. 1983-ல் ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட், விக்கெட் இல்லை. 1984 கடைசியில் பம்பாயில் இங்கிலாந்தை ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்துச் சாய்த்தார். அடுத்த டெல்லி டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் இன்னொரு ஆறு. 1985 மார்ச்சில் மெல்போர்னில் பாகிஸ்தானோடு ஒருநாள் தொடரின் இறுதிப் போட்டி: இறங்கி வந்த மியான்தத் சிவாவின் பந்தைத் தவறவிட்டார், கீப்பர் சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பைத் தட்டினார். 1986 ஜனவரியில் சிட்னியில் கடைசி டெஸ்ட். ஒன்பது டெஸ்டில் 26 விக்கெட். அதில் 23 அந்த ஒரே இங்கிலாந்து தொடரில் வந்தவை.

கடைசி டெஸ்டில் அவருக்கு வயது 20. அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்னே முதல் டெஸ்ட் ஆடியதே 22 வயதில். 1992-ல் அதே சிட்னியில் நம் ஆட்களிடம் 150 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட் எடுத்தார். அதுவும் 206 அடித்து முடித்த ரவி சாஸ்திரி! அதற்குப் பிறகும் அவர் கையில் பந்தைக் கொடுத்தார்கள். 708 விக்கெட் அப்புறம் வந்தது.

சிவாவுக்கு முன்னாலேயே நம் மெட்ராஸில் வி.வி. குமார் என்ற லெக் ஸ்பின்னர் இருந்தார். 1961-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட். அடுத்து பம்பாயில் ஒரு டெஸ்ட், விக்கெட் விழவில்லை. அவ்வளவுதான், டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. முதல் தரப் போட்டிகளில் 599 விக்கெட் எடுத்த மனிதர் அவர். அவரும் வீணாக்கினாரா?

இந்த வித்தையே அப்படிப்பட்டது. ஆஃப் ஸ்பின்னை விரல் பார்த்துக்கொள்ளும். லெக் ஸ்பின்னில் மணிக்கட்டு திரும்ப வேண்டும், மோதிர விரல் பந்தின் தையலை இழுத்துவிட வேண்டும், தோள் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று துளி முந்தினால் ஃபுல் டாஸ், பிந்தினால் பாதிப் பிட்சில் குத்தி சிக்ஸர். இதில் எதிர்ப்பக்கம் திரும்புகிற கூக்ளி வேறு. அதை அளவுக்கு மீறிப் பழகினால் ஒழுங்கான லெக் பிரேக் கையை விட்டுப் போய்விடும். நாலு ஓவர் அடி வாங்கினாலும் அஞ்சாவது ஓவர் கொடுக்கிற கேப்டனும், திரும்புகிற பந்தை விடாமல் பிடிக்கிற கீப்பரும் அமையாவிட்டால் எந்த மணிக்கட்டும் உதவாது.

எங்கள் பக்கம் நிலைமை இன்னும் மோசம். சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் உளுந்து, பயறு தெளித்துவிடுவார்கள். ஆட இடம் கிடையாது. வழக்கமாக மேட்டூரை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள். தண்ணீர் வற்றிய பிறகு திறக்கும் வரை வெண்ணாற்று மணல்தான் எங்கள் மைதானம். தண்ணீர் தெளித்து, மிதித்து, மேலே தென்னை நார் பாய் விரிப்போம். பாயில் பந்து கத்தி போலத் திரும்பும். ஆனால் டென்னிஸ் பந்தில் எட்டு ஓவர் மேட்ச் என்றால் எந்தக் கேப்டன் லெக் ஸ்பின்னரைக் கூப்பிடுவான்? யார்க்கர் போடத் தெரிந்தவனைத்தான் தேடுவான். தப்பென்றும் சொல்ல முடியாது, பரிசுப் பணம் இருக்கிறதே.

என் அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். கை நன்றாகத் திரும்புகிறது, என்னைவிடவே நன்றாக. போன மாதம் ஒரே ஓவரில் 24 ரன் போனது. "மாமா, பேசாம வேகமா நேராவே போட்டுடட்டுமா? கும்ப்ளே அப்படித்தானே போட்டாரு" என்றான். கும்ப்ளே உயரம் என்ன, நீ என்ன என்று கேட்டேன். அந்த உயரத்திலிருந்து வந்த பவுன்ஸ்தான் அவருக்குப் பாதி விக்கெட்டை வாங்கிக் கொடுத்தது. இவன் என் தோள் வரைகூட வரவில்லை. காற்றில் தூக்கித்தான் போட வேண்டும்.

அவனிடம் பேசிப் பயனில்லை என்று நேற்று எங்கள் டீம் கேப்டனைக் கடைக்கு வரச்சொன்னேன். வருகிற டோர்னமென்ட்டில் எல்லா மேட்ச்சிலும் பையனுக்கு ரெண்டு ஓவர் கொடுத்தே ஆக வேண்டும், முப்பது ரன் போனாலும் நிறுத்தக் கூடாது, என்ட்ரி பீஸ் என் பொறுப்பு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரிண்ணே, கீப்பருக்கு நல்ல கிளவுஸும் நீங்களே வாங்கிக் கொடுத்துடுங்க" என்றான்.