முழங்கால் வலிக்குப் பின்தொடையில் ஊசி

மாடிப்படி ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. இரண்டாம் மாடியில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முடித்துவிட்டு இறங்கும்போது வலது முழங்கால் சில்லைச் சுற்றி வலி குத்தும்; விடைத்தாள் திருத்த ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்து அடி நொண்டித்தான் நடக்க வேண்டும். 44 வயதிலேயே மூட்டு தேய்ந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். முதலில் சென்ற இடத்தில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வலி மாத்திரையும் ‘நீ கேப்’ என்ற முழங்கால் உறையும் எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதங்கள் அப்படியே கழிந்தன. பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால், எலும்பு மருத்துவர் ஒருவர் என்னைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மையார் என்னை மல்லாந்து படுக்க வைத்து, இடுப்பையும் முழங்காலையும் செங்கோணத்தில் மடக்கச் செய்து, தொடையை அசைக்காமல் காலை மேலே நீட்டச் சொன்னார். முழுதாக நீளுவதற்கு 38 பாகை குறைந்தது. 20 பாகைக்கு மேல் குறைந்தால் பின்தொடைத் தசை இறுகியிருப்பதாகப் பொதுவாகக் கொள்வார்கள் என்றார். வலி முன்னால் இருக்கும்போது பின்னால் எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்டேன். ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடையின் மூன்று தசைகளும் நாம் உட்காரும் எலும்பிலிருந்து கிளம்பி, முழங்காலைக் கடந்து கீழ்க்கால் எலும்புகளில் போய்ச் சேருகின்றன. அவை இறுகிக் கிடந்தால், காலை நீட்டும் ஒவ்வொரு முறையும் முன்தொடைத் தசை அந்த இழுப்பை எதிர்த்துக் கூடுதலாக உழைக்கிறது, அந்தக் கூடுதல் விசை சில்லைத் தொடை எலும்போடு அழுத்துகிறது என்று அவர் விளக்கினார். இத்தனை நாள் உறை மாட்டி வைத்திருந்த இடத்தில் பாதிக் காரணம்கூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இறுகிய தசையைத் தளர்த்த அதில் ஊசி குத்தும் ‘டிரை நீட்லிங்’ சிகிச்சையை அவர் சொன்னார். அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டபோது பயமாகவே இருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, ஊசியைக் கண்டால் மயக்கம் வருமா என்றெல்லாம் கேட்டு உறுதி செய்த பிறகே தொடங்கினார். அக்குபங்சருக்குப் பயன்படும் அதே வகை மெல்லிய ஊசிதான். ஊசிக்குள் துளை கிடையாது, மருந்தும் இல்லை. ஆனால் குத்தும் இடத்தை, தசையைத் தடவிப் பார்த்து, முடிச்சுப் போல இறுகி அழுத்தினால் வலிக்கும் புள்ளியைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். குப்புறப் படுத்திருந்த என் தொடையைக் கட்டை விரலால் துழாவி, ஸ்பிரிட் தடவி, சிறு பிளாஸ்டிக் குழாயில் வைத்த ஊசியை ஒரு தட்டுத் தட்டினார். தோலில் நுழைந்தது எறும்புக்கடி அளவுதான். உள்ளே சற்று மேலும் கீழும் நகர்த்தியபோது தசை தானாகவே ஒரு முறை வெட்டியிழுத்துத் துடித்தது.

“துடிச்சுது பாத்தீங்களா டீச்சர், அதுதான் நமக்கு வேணும். கால் வரைக்கும் ஷாக் அடிக்கிற மாதிரி இருந்தா மட்டும் உடனே சொல்லுங்க” என்றார். பின்தொடையின் நடுவில் சயாட்டிக் என்ற பெரிய நரம்பு ஓடுவதால் அந்த எச்சரிக்கை. இந்தச் சிகிச்சையை முறையாகப் பயின்றவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் அதனால்தான்.

ஊசியை எடுத்த கையோடு நீட்டல் பயிற்சி தொடங்கியது. குதிகாலை அவர் தோளில் வைத்துப் பத்து விநாடி அழுத்த வேண்டும். தளர்த்தியதும் அவர் காலை இன்னும் சற்று உயர்த்தி 30 விநாடி பிடித்துக்கொள்வார். அன்றே குறைவு 31 பாகையாக இறங்கியது. மறுநாள் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்தது போன்ற நோவு தொடையில் இருந்தது. இரண்டு நாளில் தணிந்தது.

அடுத்த வாரம் அரையாண்டுத் தேர்வு. திருத்தும் வேலையில் வீட்டுப் பயிற்சியை விட்டுவிட்டேன். மறுபடி அளந்தபோது 36 பாகை. ஊசி இறுக்கத்தைச் சற்று நேரம் தளர்த்தித் தருகிறது, அந்தத் தளர்வைத் தக்கவைப்பது நாள்தோறும் செய்யும் நீட்டல்தான் என்பதை என் காலிலேயே கண்டேன். எத்தனை நேரம் பிடிப்பது என்ற கேள்விக்கு 1994-இல் பேண்டி, இரியன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வை அவர் எடுத்துச் சொன்னார்: ஆறு வாரப் பயிற்சியில் 15 விநாடியைவிட 30 விநாடி நல்ல பலன் தந்தது, 60 விநாடி பிடித்தவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் கூடவில்லை. நேரமில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த சாக்கு அதோடு போயிற்று.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். குனிந்து கால் விரலைத் தொட்டு, ஆட்டி ஆட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். வளைந்தது முதுகுதான், பின்தொடை நீளவே இல்லை. அதன் பிறகு வாசற்படியில் மல்லாந்து படுத்து, ஒரு காலை வெளியே நீட்டி, வலக்குதிகாலை நிலைக்காலில் சாய்த்து வைக்கப் பழகினேன். முதுகு தரையில் படிந்திருப்பதால் ஏமாற்ற முடியாது.

மொத்தம் நான்கு முறை ஊசி போட்டார்கள். கூடவே இடுப்பு, முன்தொடை வலுவுக்கான பயிற்சிகளும் உண்டு. ஆறாம் வாரத்தில் குறைவு 17 பாகை. படி இறங்கும்போது இப்போது வலி இல்லை. நீண்ட நேரம் உட்கார்ந்து எழுந்தால் சில நாள் இலேசாக உணர்த்துகிறது. தொடக்கத்தில் நிலைக்காலுக்கும் என் இடுப்புக்கும் இடையே இரண்டு சாண் இடைவெளி விட்டால்தான் காலை நீட்ட முடிந்தது. நேற்று அளந்து பார்த்தேன், நான்கு விரற்கடை இருந்தது.