பாண் களவும் கபோன் சுவாமியும்

1978 இல் விடுதிக் குசினியில் பாண் களவெடுத்து அகப்பட்ட மூவரில் நானும் ஒருவன். மற்ற இருவரும் இன்று இலண்டனில் பெரிய மனிதர்கள். இந்த மலர் அவர்கள் வீட்டுக்கும் போகும் என்பதால் பெயர் வேண்டாம்.

பிரம்படி நிச்சயம் என்று காற்சட்டைக்குள் அப்பியாசக் கொப்பியைச் செருகிக்கொண்டு போனோம். விடுதிச் சுவாமியார் பிரம்பைத் தொடவில்லை. "இருங்கள். உங்களைவிடப் பெரிய கள்ளர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்" என்றார். இருந்ததும் கொப்பிகள் சரசரத்தன. அவர் கேளாதவர்போல் தொடங்கினார்.

எமில் கபோன், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பில்சன் என்ற சிற்றூரில் 1916 இல் பிறந்த கமக்காரர் மகன். 1940 இல் குருவானவர். உலகப் போரின் கடைசிக் காலத்தில் இந்தியா - பர்மா முனையில் இராணுவ ஆன்ம குருவாக இருந்தார். 1950 இல் கொரியப் போருக்குப் போனார். ஜீப்பின் முன்மூடிதான் பூசைப் பீடம். அந்த நவம்பரில் வட கொரியாவின் உன்சானில் சீனப் படை சூழ்ந்தபோது, காயப்பட்டவர்களை விட்டுப் போக மறுத்துச் சிறைப்பட்டார். கணுக்கால் முறிந்து கிடந்த ஹேர்பட் மில்லர் என்ற சார்ஜன்டைச் சுடுவதற்கு ஒரு சிப்பாய் துவக்கை நீட்டியிருந்தான். இவர் நேரே நடந்துபோய்த் துவக்கைக் கையால் ஒதுக்கிவிட்டு, மில்லரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

யாலு நதிக்கரைப் பியொக்தொங் முகாமில் பசியும் குளிரும் ஆட்களைத் தின்றன. கபோன் சுவாமி இரவில் பதுங்கிப்போய்ச் சோளமும் உருளைக்கிழங்கும் களவெடுத்து வருவார். புறப்படுமுன், இயேசுவோடு சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனிடம் மன்றாடுவார்! தகரத்தைத் தட்டிச் சட்டியாக்கித் தண்ணீர் கொதிக்கவைப்பார். வயிற்றோட்டக்காரரின் உடுப்புகளைத் தோய்ப்பார். 1951 மே 23 அன்று அந்த முகாமிலேயே இறந்தார். வயது 35.

"நீங்கள் எடுத்த பாணில் மற்றப் பிள்ளைகளுக்கு எத்தனை துண்டு கொடுத்தீர்கள்?" என்று கேட்டார் விடுதிச் சுவாமியார். நாங்கள் நிலத்தைப் பார்த்தோம். ஒரு மாதம் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட வேண்டும் என்பது தீர்ப்பு. கடைசிப் பந்திக்குச் சம்பல் எஞ்சுவதில்லை. பிரம்படியே மேல் என்று அப்போது நினைத்தேன்.

2013 இல் ஒபாமா கபோன் சுவாமிக்கு அமெரிக்காவின் அதியுயர் வீர விருதை அறிவித்து வழங்கியபோது, மில்லர் முதியவராக அந்த மண்டபத்தில் இருந்தார். ஹவாயில் பெயரறியாப் போர்வீரர்களோடு புதைக்கப்பட்டிருந்த சுவாமியின் எலும்புகள் 2021 இல் அடையாளம் காணப்பட்டு, கன்சாஸின் விச்சிட்டா பேராலயத்துக்கு வந்து சேர்ந்தன. 2025 பெப்ரவரியில் திருச்சபை அவரை, புனிதர் பட்டத்துக்கு முந்திய படிகளில் ஒன்றான வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

போன கோடையில் ரொறன்ரோவிலிருந்து மகளோடு அந்தப் பேராலயத்துக்குப் போனேன். மூன்று மெழுகுதிரி கொளுத்தினேன். இலண்டன்காரர் இருவரும் தங்கள் பங்கை எனக்கு அனுப்பிவைக்கலாம்.