ஒழுங்குபடுத்தியது பிளாஸ்மாவா, கிரிட்டா?

பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவை, கணினியில் உருவகப்படுத்தும்போது தாறுமாறாகப் பின்னிக்கிடந்த காந்தப்புலம் சில ஆயிரம் படிகளில் பெரிய, சீரான முறுக்குகளாகத் திரையில் திரண்டு வரும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. ஆனால் கிரிட், அதாவது இடத்தைச் சிறு செல்களாகப் பிரிக்கும் கட்டம், கரடுமுரடாக இருந்தாலும் சிறு சுழிகள் கரைந்து, ஏறக்குறைய இதே படம்தான் கிடைக்கும். அதனால் படத்தை நம்பி எதுவும் சொல்லக்கூடாது.

1957-ல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் இயங்கத் தொடங்கிய ஸீட்டா என்ற அணுக்கரு இணைவு ஆய்வுக் கருவியில் பிளாஸ்மா தானாகவே அமைதியடைந்தது. சுவரோரத்தில் புலம் திசை மாறியது. 1974-ல் இயற்பியலாளர் ஜே. பி. டெய்லர் அதற்கு விளக்கம் தந்தார்: மின்தடை குறைவாக இருந்தால் காந்த ஆற்றல் வேகமாகக் கரையும், ஹெலிசிட்டி, அதாவது புலக்கோடுகள் முறுக்கிப் பின்னியிருக்கும் மொத்த அளவு, கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். நாம் கவனிக்க வேண்டியவை இந்த இரண்டு எண்கள்தான்.

ஒரு பக்கம் வெளியேறுவது மறுபக்கம் நுழையும் பெட்டி, பக்க நீளம் 2π என்று வைத்துக்கொள்வோம். காந்த ஆற்றலின் இரு மடங்கை ஹெலிசிட்டியின் அளவால் வகுத்தால் விடை 1-க்குக் கீழே இறங்கவே முடியாது. ரன் ஓட ஓட 1-ஐ நெருங்க வேண்டும். கீழே போனால், ஹெலிசிட்டியைக் கணக்கிட உதவும் வெக்டர் பொட்டென்ஷியலைக் கணக்கிட்டதில் பிழை. ஆற்றல் சரியும் அதே வேகத்தில் ஹெலிசிட்டியும் சரிந்தால் கிரிட் புலத்தைத் தின்கிறது என்று அர்த்தம். பெட்டியில் சராசரிப் புலம் இருந்தால் இந்தச் சோதனை செல்லாது.

கிரிட் தின்னும் இடம், எதிரெதிர்ப் புலங்கள் உரசும் மின்னோட்டத் தகடு. அதன் நீளத்தை லுண்ட்குவிஸ்ட் எண்ணின் (மின்தடை குறையக் குறைய இது உயரும்) வர்க்கமூலத்தால் வகுத்தால் தடிமன் வரும். எண் 10,000 என்றால் நூறில் ஒரு பங்கு. தகடு பெட்டியளவு நீண்டு, பக்கத்துக்கு 256 செல் இருந்தால், தடிமனுக்குக் கிடைப்பது இரண்டரை செல். குறைந்தது பத்தாவது வேண்டும். மின்தடையைப் பாதியாக்கியும் ஆற்றல் வளைகோடு அசையவில்லையென்றால், வேலை செய்வது நீங்கள் கொடுத்த மின்தடை அல்ல, கிரிட்டின் கரடுமுரடு. பக்கத்துக்கு உள்ள செல்களை இரட்டிப்பாக்கினால் நினைவகம் 8 மடங்கு, வேலை 16 மடங்கு. 1024 கன கிரிட்டில் எட்டு மாறிகளை இரட்டைத் துல்லியத்தில் சேமித்தால் ஒரே கோப்பு 69 ஜிபி. லுண்ட்குவிஸ்ட் எண் 10,000-க்கும் மேலே போனால் தகடே துண்டுதுண்டாக உடையத் தொடங்கும், அதற்கு இன்னும் நுண்ணிய கிரிட் தேவை. சூரியனின் கொரோனாவில் இந்த எண் லட்சம் கோடியைத் தொடுகிறது; அங்கே நேரடியாகப் போய்ச்சேர வழியில்லை.

காந்தப்புலத்தின் டைவர்ஜென்ஸ், அதாவது ஒரு இடத்திலிருந்து புலம் நிகரமாக வெளியேறும் அளவு, பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது தனித் தலைவலி. தவறினால் புலத்தின் திசையிலேயே ஒரு பொய் விசை முளைக்கும். புலத்தைச் செல்லின் முகங்களிலும் மின்புலத்தை விளிம்புகளிலும் வைத்தால் பிழை கடைசி இலக்க அளவிலேயே நின்றுவிடும். ஆனால் சேமிக்கும்போது செல்லின் மையத்துக்குச் சராசரி எடுத்துவிட்டு, பிறகு டைவர்ஜென்ஸ் கணக்கிட்டால் இல்லாத பிழை பெரிதாகத் தெரியும். இந்தச் சோதனையை முகங்களில் உள்ள மதிப்புகளை வைத்து, ரன் ஓடும்போதே செய்துவிட வேண்டும்.