கோ கெர் போகாமல் திரும்பிவிடாதீர்கள்

கம்போடியாவின் சியெம் ரீப் போகிறவர்கள் அங்கோர் வாட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு நாளைக் கோ கெருக்கு ஒதுக்குங்கள், வடகிழக்கே சுமார் 120 கி.மீ., வழிகாட்டியோடு வேனில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

நான்காம் ஜெயவர்மன், அவர் மகன் இரண்டாம் ஹர்ஷவர்மன் காலத்தில், 928 முதல் 944 வரை, இதுதான் கெமர் பேரரசின் தலைநகரம். காட்டுக்கு நடுவே ஏழு அடுக்காக 36 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது பிரசாத் தோம் பிரமிடு. பக்கவாட்டு மரப்படியில் மேலே ஏறினால் எந்தப் பக்கமும் பச்சைதான். சின்னக் கோயில்களில் இடுப்புயரத்துக்கும் மேலான லிங்கங்கள், அபிஷேக நீர் ஓட ஆவுடையாரில் வெட்டிய கோமுகம்கூட அப்படியே இருக்கிறது.

ஆனால் மனதைப் பிசைந்தது இங்குள்ள பிரசாத் சென் கோயில்தான். கதாயுதத்தோடு மோதிக்கொண்டிருந்த பீமன், துரியோதனன் சிலைகளை 1970களில் கணுக்காலோடு அறுத்துக் கடத்திவிட்டார்கள், பீடத்தில் பாதங்கள் மட்டும் மிஞ்சின. வழிகாட்டி சொன்னபோது அவ்வளவு கோபம் வந்தது. 2014இல் அமெரிக்காவிலிருந்து இரண்டு சிலைகளும் திரும்பி வந்தன, தலைநகர் புனோம் பென் போனால் தேசிய அருங்காட்சியகத்தில் கட்டாயம் பாருங்கள்.

வரும் வழியில் பெங் மெலியா, மரவேர்கள் விழுங்கிய 12ஆம் நூற்றாண்டுக் கோயில். அப்புறம், கண்ணிவெடி புதைத்திருந்த பகுதி இது, போட்டிருக்கும் பாதையை விட்டு இறங்கவே வேண்டாம்.