எக்ஸ்டிஆர் டைபாய்டு கிடைச்சிருச்சுன்னு நான் குதிச்ச கதை

எக்ஸ்டிஆர்னா பெரும்பாலான மருந்துக்கு அடங்காத ரகம். எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு எனக்கு வந்தது டைபாய்டு, அதாவது சால்மோனெல்லா டைஃபி. நோயாளிங்க ரத்தத்துல இருந்து வளர்த்து மைனஸ் 80 ஃப்ரீசர்ல கிளிசரால்ல போட்டு வச்சிருந்த 32 சாம்பிள். எந்த மருந்துக்கு அடங்குது, எதுக்கு அடங்கலன்னு பிளேட்ல பாக்கணும், அப்புறம் ஒவ்வொண்ணோட முழு ஜீனோமையும் படிச்சு யாருக்கு யார் சொந்தம்னு பாக்கணும், அவ்ளோதான் வேலை. அவ்ளோதான்னு அன்னைக்கு நெனச்சேன்.

பிளேட் வேலை ரெண்டு வாரத்துல முடிஞ்சுது. பெரும்பாலானதுல நாலிடிக்சிக் ஆசிட்ங்கிற மருந்து ஊறுன குட்டி பேப்பர் டிஸ்க்க சுத்தி ஜோனே, அதாவது பாக்டீரியா வளராத வெத்து வட்டமே இல்ல, ஸ்கேல் வச்சா 6 மில்லிமீட்டர், அது டிஸ்க்கோட அளவேதான். சிப்ரோஃப்ளாக்சசின் சுத்தி 24, 25னு ரெண்டுங்கெட்டானா வந்துச்சு. ஆனா ஒரு காலத்துல டைபாய்டுக்கு கைகொடுத்து அப்புறம் பல இடத்துல கைவிட்ட க்ளோராம்ஃபெனிகால் இதுல நல்லாவே வேலை செஞ்சுது, அதுதான் எனக்கு ஆச்சரியம். அசித்ரோமைசின் மட்டும் படுத்தி எடுத்துருச்சு, ஜோன் ஓரம் மங்கலா ரெண்டு வளையம் மாதிரி தெரியும், எங்க ஸ்கேல் வைக்கிறதுன்னே புரியாது, லேப்ல இருந்த அக்கா ஒரு அளவு சொல்வாங்க நான் ஒரு அளவு சொல்வேன்.

அப்புறம் சீக்வென்சிங் டேட்டா வந்துச்சு. ராத்திரி உக்காந்து ரெசிஸ்டன்ஸ் ஜீன் தேடுற டூல்ல ஓட்டுனா 17-ஆம் நம்பர்ல சிடிஎக்ஸ்-எம்-15 இருக்குன்னு வருது! டைபாய்டுக்கு குடுக்கிற செஃப்ட்ரியாக்சோன் மருந்தையே உடைக்கிற என்சைமோட ஜீன் அது. பாகிஸ்தான்ல சிந்து மாகாணத்துல 2016-ல ஆரம்பிச்ச எக்ஸ்டிஆர் டைபாய்டுல இருந்ததும் இதே ஜீன்தான், ஈ. கோலை மாதிரி பாக்டீரியா கிட்ட இருந்து பிளாஸ்மிட்ங்கிற குட்டி டிஎன்ஏ வளையம் வழியா வந்திருக்கும்னு படிச்சிருந்தேன். எனக்கு தூக்கமே வரல, விடியறதுக்குள்ள மனசுக்குள்ள பேப்பருக்கு தலைப்பே வச்சாச்சு.

காலைல என் கைடு மேடம்கிட்ட ஓடிப்போய் சொன்னா அவங்க நிமிர்ந்துகூட பாக்கல, "அசெம்பிளி சைஸ் என்ன வந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்க. துண்டு துண்டா படிச்ச டிஎன்ஏவ ஒட்டுனா வர்ற மொத்த நீளம் அது. பாத்தா 1 கோடி எழுத்த தாண்டி நிக்குது. டைஃபி ஜீனோமே 48 லட்சம் எழுத்துதான்! "பிளேட்ல செஃப்ட்ரியாக்சோன் ஜோன் எவ்ளோ?"ன்னாங்க. 29, தாராளமா சென்சிடிவ். அந்த ஜீன் உண்மையிலேயே டைஃபிகிட்ட இருந்து வேலையும் செஞ்சிருந்தா ஜோன் அப்படி விரிஞ்சிருக்காது, அதை பிளேட் படிச்ச நானே யோசிச்சிருக்கணும்.

திரும்ப ஃப்ரீசர்ல இருந்து அந்த சாம்பிள் குப்பிய எடுத்து, பாக்டீரியாவ நிறத்தால பிரிச்சுக் காட்டுற மக்கான்கி பிளேட்ல தேய்ச்சேன். மறுநாள் பாத்தா நிறமில்லாத டைஃபி காலனிங்களுக்கு நடுவுல கொழகொழன்னு ரோஸ் கலர்ல நாலஞ்சு, க்ளெப்சியெல்லாங்கிற வேற பாக்டீரியா. பிளேட் டெஸ்ட்டுக்கு தனி காலனி எடுத்த நான், டிஎன்ஏ எடுக்கும்போது மட்டும் சோம்பேறித்தனமா நியூட்ரியண்ட் அகர்ல இருந்து லூப்பால மொத்தமா வழிச்சு எடுத்திருக்கேன். அவ்ளோதான் என் எக்ஸ்டிஆர். தனி காலனி எடுத்து மறுபடி அனுப்பி இன்னும் ஒன்றரை மாசம் காத்திருக்க வேண்டியதாச்சு.

யாருக்கு யார் சொந்தம்னு காட்டுற மரம் போடுறப்பவும் ஒரு கூத்து. டைஃபி ரொம்ப மாறாத ஜாதி, மனுஷன விட்டா வேற எங்கயும் தங்காது, மொத்த ஜீனோம்லயும் வருஷத்துக்கு ஒரு எழுத்து மாறுனாலே பெருசு. எனக்கோ சாம்பிளுக்கு சாம்பிள் நூத்துக்கணக்குல வித்தியாசம் காட்டுது. ஃபேஜ் பகுதியையும் (வைரஸ் விட்டுப்போன டிஎன்ஏ) ரிப்பீட் பகுதியையும் மறைக்காமலே எண்ணியிருக்கேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மறைச்சு ஓட்டுனதும் மரம் சுருங்கிப்போச்சு, முக்காவாசி 4.3.1, அது டைஃபில ஒரு குடும்பம், பழைய பேரு எச்58. இவ்ளோ கம்மியா மாறுற பாக்டீரியாவுல ஜைர்ஏ ஜீனோட (சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்து தாக்குற என்சைமோட ஜீன்) 83-வது இடம் மட்டும் மரத்துல ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத கிளைங்கள்லயும் தனித்தனியா மாறியிருக்கு. ஒரே மருந்து எல்லாத்தையும் ஒரே இடத்துல புடிச்சு தள்ளியிருக்குன்னு அந்தப் படத்த பாத்தப்பதான் எனக்கு உறைச்சுது, பாடத்துல பத்து தடவ படிச்சும் உறைக்கல.

புது டேட்டால 17-ஆம் நம்பர் 9-ஆம் நம்பருக்கு பக்கத்துலயே வந்து உக்காந்துருச்சு, நடுவுல 2 எழுத்துதான் வித்தியாசம். சிடிஎக்ஸ்-எம் எதுவும் இல்ல.