ஆளில்லாத ஊரின் சத்தம்

உலகம் அழிந்தபின் ஒற்றை ஆளாக மிஞ்சியவனைப் பற்றி ரசிகர்கள் எடுத்த குறும்படம் எது கிடைத்தாலும், முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஹெட்போன் மட்டும். தொழில் பழக்கம் அது. வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் ஃபோலி செய்கிறேன். சீரியலுக்கும் டப்பிங் படங்களுக்கும் காலடி, கொலுசு, தாழ்ப்பாள், சேலை உரசல் எல்லாவற்றையும் மைக் முன்னால் நின்று கையாலும் காலாலும் செய்து கொடுக்கிற வேலை. சீரியலில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், எந்நேரமும் பின்னணி இசை ஓடும், நான் செய்த சத்தம் பாதி கேட்காது. ஒற்றை ஆள் படத்தில் எல்லாமே கேட்கும். அதனாலேயே இந்தப் படங்கள் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

அதிலும் மனசுக்கு நெருக்கமானவை 'ஸ்டால்கர்' விளையாட்டின் ரசிகர்கள் எடுப்பவை. 2007-ல் உக்ரைனின் கீவ் நகரத்து ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு நிறுவனம் வெளியிட்ட கணினி விளையாட்டு அது. களம் செர்னோபில். அணு உலை விபத்து நடந்த இடத்தில் இன்னொரு பெரும் விபரீதம் நடந்து, மண்ணிலும் காற்றிலும் கண்ணுக்குத் தெரியாத பொறிகள் உண்டாகிவிட்டதாகக் கதை. தெரியாமல் கால் வைத்தால் ஆளைச் சுழற்றி அடிக்கும், எரித்துவிடும். அதற்குள் போய் அபூர்வப் பொருள்களைத் தேடி எடுத்து வருகிறவன்தான் ஸ்டால்கர். கையில் துப்பாக்கி இருந்தாலும் அவனை உயிரோடு வைத்திருப்பது சாதாரண இரும்பு போல்ட்தான். நடக்கும் முன்னால் ஒன்றை வீசிப் பார்ப்பான். பத்திரமாகத் தரையில் விழுந்தால் அடியெடுத்து வைப்பான்.

இந்தப் போல்ட்டுக்கு ஒரு வம்சமே உண்டு. 1972-ல் ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்கள் எழுதிய சோவியத் நாவலில் நட்டுகளை வீசி வழி பார்ப்பார்கள். அதிலிருந்து பிறந்த, சோவியத் இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் 1979 படத்தில் நட்டில் துணிப்பட்டை கட்டி வீசுவார்கள். அப்புறம் விளையாட்டுக்குள் போல்ட்டாக வந்தது. இப்போது கைக்காசைப் போட்டுப் படம் எடுக்கிற பையன்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்களுக்கு இதைவிட நல்ல சொத்து கிடையாது. கிராஃபிக்ஸ் வேண்டாம், மேக்கப் வேண்டாம். கிழக்கு ஐரோப்பாவில் மூடிக் கிடக்கும் தொழிற்சாலை ஒன்று, விஷவாயுவைத் தடுக்கும் பழைய சோவியத் ஜிபி-5 முகமூடி ஒன்று, ஒரு பை போல்ட். இவை இருந்தால் படம் எடுத்துவிடலாம்.

அப்படி ஒரு படத்தில் ஒருவன் புல்வெளி ஓரத்தில் நிற்கிறான். முதல் போல்ட்டை வீசுகிறான், மண்ணில் விழுந்து மொத்தென்று ஒரு சத்தம். நடக்கிறான். இரண்டாவது ஒரு சிமெண்ட் பாளத்தில் பட்டு கிணீரென்று தெறித்து உருள்கிறது. நடக்கிறான். மூன்றாவதை வீசுகிறான். கையை விட்டுப் போன போல்ட் எங்கேயும் விழவே இல்லை. அவன் காத்திருக்கிறான், நாமும் காத்திருக்கிறோம். பிறகு ஒன்றும் சொல்லாமல் பின்வாங்கி, நீண்ட வழி சுற்றிப் போகிறான். திரையில் காட்டியது வெறும் புல்தான். விழ வேண்டிய சத்தம் விழாததிலேயே அங்கே மரணம் இருக்கிறது என்று புரிந்துவிடுகிறது. காசு கொட்டி எடுத்த எத்தனையோ காட்சிகளில் எனக்கு இந்தப் பயம் வந்ததில்லை.

பெரிய படங்கள் தனிமையைக் கொஞ்ச நேரம்தான் பொறுத்துக்கொள்ளும். 1959-ல் வந்த 'தி வேர்ல்டு, தி ஃப்ளெஷ் அண்ட் தி டெவில்' படத்தில் ஹாரி பெலஃபாண்டே ஆளில்லாத நியூயார்க்கில் தனியாக நடந்து வருவார். துணைக்குக் கடை பொம்மைகளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பேசுவார். அந்தப் பகுதி அற்புதம். ஆனால் ஒரு பெண் வந்துவிடுகிறாள், பின்னாலேயே இன்னொரு ஆணும் வருகிறான், கதை முக்கோணமாகிவிடுகிறது. ரசிகர் படத்தில் இப்படி ஆள் சேர்க்க வழியில்லை. கோட்டு போட்டுக்கொள்ள ஒரு நண்பன், கேமரா பிடிக்க ஒரு நண்பன், அவ்வளவுதான் யூனிட். வேறு போக்கிடம் இல்லாததால் படம் அந்த ஒருவனோடே கடைசிவரை இருக்கிறது. அவன் டப்பாவைத் திறப்பதையும், காலுறையைக் காய வைப்பதையும், சுவரில் முதுகைச் சாய்த்துத் தூங்க முயல்வதையும் பொறுமையாகப் பார்க்கிறது. இந்தப் பொறுமையைப் பணம் கொடுத்து வாங்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

படம் பிடிப்பதில் இந்தப் பையன்கள் கெட்டிக்காரர்கள். 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டை வைத்து கனடாவின் பர்ச்சேஸ் சகோதரர்கள் 2009-ல் வெளியிட்ட 'எஸ்கேப் ஃப்ரம் சிட்டி 17' முதல் பகுதியின் செலவு 500 டாலர்தான். காலித் தெருவுக்கும் வழி இருக்கிறது. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். தெருவின் இடப்பக்கம் காலியாக இருந்த நொடியை ஒரு துண்டு, வலப்பக்கம் காலியாக இருந்த நொடியை ஒரு துண்டு என்று எடுத்து ஒட்டினால், மொத்தத் தெருவும் காலி.

சத்தத்தை அப்படி ஒட்டுப்போட முடியாது. தெருவில் ஒருவரும் இல்லை, ஆனால் இரண்டு தெரு தள்ளிப் போகும் லாரியின் உறுமல் டிராக்கில் இருக்கும். ஏசி, டிரான்ஸ்ஃபார்மர், பம்பு செட் எல்லாம் சேர்ந்த ஒரு ரீங்காரம் நகரத்தில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது, காது பழகிப்போனதால் நமக்குத் தெரிவதில்லை. அது நின்ற நாள்களை 2020 ஊரடங்கில் எல்லோரும் கேட்டோம். நான் மொட்டை மாடியில் நின்று கேட்டேன். கீழே ஒருவர் செருப்பு தேய நடந்தால் எதிர் வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அந்த எதிரொலியை அதற்கு முன் எங்கள் தெருவில் கேட்டதே இல்லை. ஆளில்லாத ஊர் என்று நம்ப வைக்க வேண்டுமானால் காலடியைச் சத்தமாக வைத்தால் போதாது, திரும்பி வருகிற இந்தக் காலடியும் வேண்டும்.

அதே சமயம் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. வாகன இரைச்சல் குறைந்ததும், தலையில் வெள்ளைக் கோடு உள்ள ஒரு வகைச் சிட்டு தன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பாடியதாம். குரல் தாழ்ந்தும் அந்தப் பாட்டு முன்பைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு எட்டியது. இதைப் படித்ததிலிருந்து, அழிந்த உலகத்தைக் காட்டும்போது பறவைக் கூச்சலை ஏற்றி வைக்கிற படங்களைக் கேட்டால் மனசு ஒப்புவதில்லை. மனிதர் இல்லாத இடத்தில் பறவைக்குக் கத்த வேண்டிய அவசியம் இல்லை. மெதுவாக, வெகு தொலைவிலிருந்து கேட்க வேண்டும். (அந்த வசந்தத்தில் கோல்டன் கேட் பாலத்துப் போக்குவரத்து 1954-ன் அளவுக்கு இறங்கியதாம். கடைசி மனிதன் கதைகளுக்குப் பெரிய வழிகாட்டியான 'ஐ ஆம் லெஜண்ட்' நாவல் வந்ததும் அதே 1954-ல்தான்.)

பல ரசிகர் படங்களைக் கெடுப்பது சின்தசைசரில் ம்ம்ம் என்று அடித்தொண்டையில் இழுக்கிற இசை. முதல் காட்சியிலிருந்து கடைசிவரை ஓடும். அதை எடுத்துவிட்டால் கீழே ஒன்றும் இருக்காது என்ற பயத்தில்தான் போடுகிறார்கள். தார்கோவ்ஸ்கி படத்தில் மூன்று பேர் தண்டவாள வண்டியில் போகும் காட்சியைக் கேட்டுப் பாருங்கள். சக்கரத்தின் தடதடப்பு மட்டும்தான் முதலில். நிமிடங்கள் போகப் போக இசையமைப்பாளர் எதூவார்த் அர்தேமியெவ் அதற்குள் மின்னணு ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறார். எந்த இடத்தில் சக்கரம் முடிந்து இசை தொடங்கியது என்று என்னால் இன்றைக்கும் கை வைத்துக் காட்ட முடியாது.

இவை வெறும் விளையாட்டுப் பிள்ளைகளின் கற்பனை என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். செர்னோபில் அணு உலைக்குப் பக்கத்தில் இருக்கும் பிரிப்யாத் நிஜமான ஊர். 1986 ஏப்ரல் 27 அன்று சுமார் 49,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றினார்கள், தற்காலிகமாகத்தான் என்று வானொலியில் சொல்லி. அவர்கள் திரும்பக் குடியேறவே இல்லை. 2022 பிப்ரவரியில் படையெடுப்பின் முதல் நாளிலேயே ரஷ்யப் படை செர்னோபிலைப் பிடித்தது. இந்த விளையாட்டு வரிசையில் வேலை செய்த வடிவமைப்பாளர் ஒருவர் அந்த வருட இறுதியில் போர்முனையில் இறந்தார். முன்பெல்லாம் ரசிகர் படங்களில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒருவன் கிதார் வாசிக்கும் காட்சி வந்தால், விளையாட்டில் பார்த்ததுதானே என்று கடந்துவிடுவேன். இப்போது அதில் நடித்த உக்ரைன் பையன் எங்கே இருக்கிறான், ரஷ்யப் பையன் எங்கே இருக்கிறான் என்று கேள்வி வருகிறது. காட்சியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

போன வருடம் கல்லூரிப் பையன்கள் சிலர் ஸ்டால்கர் ரசிகர் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். காஞ்சிபுரம் பக்கம் ஓடாமல் கிடக்கும் ரைஸ் மில்லில் எடுத்தது. படம் பிரமாதம். ஆனால் ஆடி மாதம் என்பதால் ஒவ்வொரு ஷாட்டிலும் தூரத்தில் அம்மன் கோயில் ஸ்பீக்கர். மொத்தச் சத்தத்தையும் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாகச் செய்தோம். முகமூடிக்குள் விடும் மூச்சுக்கு எவர்சில்வர் சொம்புக்குள் வாயை வைத்து மூச்சு விட்டேன். காய்ந்த புல்லுக்குப் பழைய கேசட் டேப்பை உருவிக் குவித்து மிதித்தேன். போல்ட்டுக்கு மட்டும் போல்ட்டேதான். மெக்கானிக் கடையில் துருப்பிடித்ததாகப் பொறுக்கி வாங்கினோம், புதுப் போல்ட் காசு விழுந்த மாதிரி ஒலித்தது. நடித்த பையன் கூடவே உட்கார்ந்து, எந்த அடியில் தனக்குக் கால் வலித்தது என்று சொல்லச் சொல்ல, அந்த அடியை மட்டும் இழுத்து வைத்தேன். விடியும்வரை செய்தோம். ஒருவன்கூட போனைப் பார்க்கவில்லை.

அடுத்த படத்துக்கு மரக்காணம் உப்பளத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். திரைக்கதை எழுதிவிட்டு வருகிறோம் என்றார்கள். முதலில் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போய், ராத்திரி அங்கே காற்று எப்படி அடிக்கிறது, உப்பு மேல் கால் வைத்தால் என்ன கேட்கிறது என்று பதிவு செய்து வாருங்கள், கதையை அப்புறம் எழுதலாம் என்கிறேன். இயக்குநர் பையன் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பேசலாம் என்று சொல்லியிருக்கிறான்.