பொய்ப் பெயரில் ஒரு கல்யாணம்

நேற்று ராத்திரி ஒரு ரீஜென்சி காதல் நாவலை, அதாவது 1811-லிருந்து 1820 வரையிலான இங்கிலாந்தில் நடக்கிற கதையை, முடித்தேன், அப்புறம் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. கதை பழகினதுதான். ஊருக்கு வந்து இறங்குகிற ஒரு பிரபுவை, புதிதாக வரவேண்டிய பண்ணைக் கணக்கர் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், அவனும் வாயைத் திறக்கவில்லை, கடைசியில் அந்தப் பெயரிலேயே கல்யாணம் வரைக்கும் போய்விடுகிறது. மூன்று ஞாயிறு தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கிறார்கள், தடை சொல்ல ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் நான் மூன்று முறை படித்தேன். முதல் பெயரை எழுதிவிட்டு அவன் பேனா அப்படியே நின்றுவிடுகிறது. இறகு நுனியிலிருந்து மை சொட்டி ஒரு பொட்டாகப் பரவுகிறது. அவள் அதைப் பதற்றம் என்று எடுத்துக்கொள்கிறாள். அந்தக் காலத்துப் பிரபுக்கள் பட்டப் பெயரை மட்டும் ஒரே சொல்லாக எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், அவன் கைக்கு அதுதான் பழக்கம். நாவலாசிரியர் இதை எங்கேயும் விளக்கவில்லை, அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

1754-ல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்துத் திருமணச் சட்டப்படி, அன்று ஓலையில் உண்மையான பெயர் வாசிக்கப்பட வேண்டும். ஆளை மறைப்பதற்காகப் பொய்ப் பெயர் கொடுத்திருந்தால் கல்யாணமே செல்லாமல் போகலாம். ஸ்காட்லாந்துக்கு இந்தச் சட்டம் பொருந்தவில்லை, எல்லையைத் தாண்டினதும் வருகிற கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு ஜோடிகள் ஓடியது அதனால்தான். சரி, அது வேறு கதை.

உண்மை தெரிந்ததும் அவள் அழுகிறாள், கோபப்படுகிறாள், அதெல்லாம் எல்லா நாவலிலும் உண்டு. ஆனால் இதில் பாதிரியார் தயங்கித் தயங்கி அவளிடம், "அம்மா, இந்தக் கல்யாணம் உங்களைக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம்" என்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மனைவியின் பணம் கணவனுக்குப் போய்விடுகிற காலம் அது. மறுமணம் செய்துகொள்ளும்படியான விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும், அப்படி ஒரு பெண் முதன்முதலாக வாங்கியது 1801-ல்தான். அவளை ஏமாற்றிய அதே பொய்தான் இப்போது அவளுக்குக் கதவையும் திறந்துவிடுகிறது. எந்தக் காதல் வசனத்தையும்விட அந்த அத்தியாயம்தான் எனக்குக் காதலாகப் பட்டது, ஏனென்றால் இனி அவள் இருந்தால் அது அவளாக விரும்பி இருப்பது.

மிகையாகத் தோன்றுகிறதா? 1811-ல் ரீஜென்ட் ஆகி, மன்னருக்குப் பதிலாக ஆட்சியை நடத்திய இளவரசர் ஜார்ஜே, 1785-ல் மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டை ரகசியமாக மணந்தவர். மன்னரின் சம்மதம் இல்லாததால் அது செல்லவில்லை, 1795-ல் அவருக்கு வேறு கல்யாணம் நடந்தது. மரியாவிடம் யாராவது அவள் விருப்பத்தைக் கேட்டிருப்பார்களா என்று இப்போது அடிக்கடி தோன்றுகிறது.

நாவலில் அவள் நாலு மாதம் எடுத்துக்கொள்கிறாள். மறுபடியும் அதே தேவாலயம், அதே பதிவேடு. இந்தத் தடவை அவன் நிற்காமல் ஒரே சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை நீட்டுகிறான். அவள் உடனே வாங்கவில்லை, அந்தச் சொல்லை மெதுவாக வாய்விட்டுப் படிக்கிறாள்.